பெயர் யாருக்குச் சொந்தம்? – கைவிடப்பட்ட ஒரு பொதுப் படிவத்தின் வரலாறு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பொதுப்பொருள் என்றால் என்னவென்று எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. லயத்தின் ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குழாய், பிள்ளைகள் பந்தடித்த திடல், கோயில் வாசலில் திருவிழாவுக்குத் திருவிழா நாம் கூடிப் போட்ட பந்தல் ஆகிய இவையெல்லாம் ஒருவருடையவை அல்ல, எல்லாருடையவையும் ஆகும். ஆனால் அத்தகைய ஒன்றைத் தொடங்கி வைத்தவர் ஒரு நாள் மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குப் போய்விட்டால், அதற்கு அடுத்த பொறுப்பாளர் யார்? "தொடங்கியவரோடு கூட நின்றவர்கள் நாங்கள்" என்று ஒரு தரப்பார் சொல்லுவர். "அவர் போன பிறகு பாடுபட்டுக் காத்தவர்கள் நாங்கள்" என்று மற்றொரு தரப்பார் சொல்லுவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கும். அதனால்தான் வழக்கும் தீராது.

இதே வழக்கு, கணினி உலகத்திலும் ஒரு முறை பெரிதாக நடந்தது. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டில் பிறந்து, இரண்டே ஆண்டுகளில் பெற்றவர்களால் கைவிடப்பட்ட ஒரு பொதுப் படிவத்தின் கதை அது. அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ். இந்தியாவில் இதே எழுத்துகளால் அழைக்கப்படுகின்ற அமைப்புக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். அந்த மூன்று எழுத்துகளுக்கு என்ன விரிவு என்பதே இந்தக் கதையில் ஒரு பெரும் சண்டை. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில், அந்தப் படிவம் எதற்காக ஏற்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வோம். நூறு வீடுகள் உள்ள ஒரு தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் என்ன புதுச் செய்தி என்று அறிய, ஒவ்வொரு வீட்டு வாசலையும் நாமே ஏறி இறங்கினால் பொழுது போய்விடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டாரும் தம் வாசலில் ஒரு சீட்டைத் தொங்கவிடுகின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் மூன்று வரிகள்: செய்தியின் தலைப்பு, முழுச் செய்தி இருக்கும் இடம், இரண்டொரு சொல்லில் சுருக்கம். எல்லா வீட்டுச் சீட்டும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால், ஒரு பையன் விடியற்காலையில் ஒரு சுற்று சுற்றி வந்து, புதியவற்றை மட்டும் பொறுக்கி நம் கையில் கொடுத்துவிடலாம்.

அந்தச் சீட்டுதான் ஆர்.எஸ்.எஸ். படிவம். வீடுகள் என்பவை இணையத்தளங்கள். சுற்றி வரும் பையன் என்பது கணினியிலோ கைப்பேசியிலோ இருக்கின்ற ஒரு செயலி. இதன் அருமை எங்கே இருக்கின்றது என்றால், சீட்டுத் தொங்கவிட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுற்றி வரும் பையனும் ஒரே முதலாளியின் ஆளாக இருக்க வேண்டியதில்லை. பெரிய நாளிதழின் சீட்டும், தனி ஆள் ஒருவர் எழுதும் பக்கத்தின் சீட்டும் ஒரே தரத்தில் வந்து சேரும். இடையில் கதவு போட்டுக் காசு கேட்பவர் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஆளுக்கொரு மாதிரி எழுதத் தொடங்கினால் பையன் திகைத்துப்போவான். ஆகவே, எது சரியான மாதிரி என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது வீண் கேள்வி அன்று. உயிரான கேள்வி.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1990-களில் இணையத்தைப் பார்க்க உதவிய உலாவிகளுள் நெட்ஸ்கேப் என்பது பெரும் புகழ் பெற்றது. அந்த நிறுவனம் தன் பயனர்களுக்காக ஒரு முகப்புப் பக்கம் நடத்தியது. விருப்பமான தளங்களின் தலைப்புகளைப் பயனர் அதில் ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக 1999 மார்ச்சு மாதத்தில் ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். அதனை உருவாக்கியவர்கள் இராமநாதன் குகா, டான் லிபி என்னும் இருவர். குகா சென்னையிலுள்ள ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, பின்னர் அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர். தகவலைப் பற்றிய தகவலைக் கணினிக்குப் புரியும்படி எழுதி வைக்கும் துறையில் அவர் முன்னோடி. ஆர்.டி.எப். என்னும் விரிவான எழுத்து முறை அவருடைய முயற்சிகளிலிருந்து கிளைத்தது ஆகும். புதிய படிவமும் அந்த முறையிலேயே அமைந்தது. ஆகவே, 'ஆர்.டி.எப். சைட் சம்மரி' என்று பெயரிட்டார்கள். தளச் சுருக்கம் என்பது அதன் கருத்து. பதிப்பு எண் 0.9. ஒன்று என்ற எண்ணைக்கூட எட்டவில்லை என்பதிலிருந்தே, இது இன்னும் முடியாத வேலை என்று அவர்களே எண்ணியிருந்தது விளங்கும்.

இதற்கு முன்பே, 1997 டிசம்பரில், யூசர்லேண்டு என்னும் சிறு நிறுவனத்தை நடத்திய டேவ் வைனர் என்பவர், தம் சொந்தப் பக்கத்துக்காக இதைப் போன்ற ஓர் எளிய படிவத்தை அமைத்திருந்தார். 1999 ஜூலையில் டான் லிபி நெட்ஸ்கேப் படிவத்தைத் திருத்தி 0.91 என்ற பதிப்பை வெளியிட்டபோது, கடினமான ஆர்.டி.எப். முறையை நீக்கினார், வைனரின் படிவத்திலிருந்து சில கூறுகளைச் சேர்த்துக்கொண்டார். ஆர்.டி.எப். போய்விட்டபடியால் பழைய பெயர் பொருந்தாது. எனவே, எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, 'ரிச் சைட் சம்மரி' என்று விரிவை மட்டும் மாற்றிவிட்டார்கள். 'வளமான தளச் சுருக்கம்' என்று சொல்லலாம். பிறந்து நான்கு மாதத்திற்குள் குழந்தைக்கு இரண்டாம் பெயர் வைத்தாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 0.9-இன் மூளை குகாவின் வழி வந்தது. 0.91-இன் உடம்பில் வைனரின் பங்கும் கலந்தது. பின்னாளில் பிரிந்து நின்ற இரு தரப்புக்கும் இந்தப் பிள்ளையின் மீது உரிமை பேச இடம் உண்டாயிற்று.

பெற்ற வீட்டின் நிலை என்ன? நெட்ஸ்கேப் நிறுவனத்தை ஏ.ஓ.எல். என்னும் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. 1998 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அந்த விற்பனை, படிவம் பிறந்த அதே 1999 மார்ச்சில் நிறைவேறியது. புதிய முதலாளிக்கு இந்தப் படிவத்தில் அக்கறை இல்லை. குகா அவ்வாண்டே வெளியேறினார். வேலை நின்றுபோயிற்று. 2001 ஏப்ரலில், படிவத்தைப் பற்றிய விளக்கக் குறிப்புகளையும் துணைக் கருவிகளையும் நெட்ஸ்கேப் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. தோட்டம் கைமாறும்போது, பழைய துரை வாய்மொழியாய்ச் சொன்ன உறுதிகளுக்கு என்ன கதி ஆகும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். உயில் எழுதாமல் போன சொத்தைப் போல அந்தப் படிவம் தெருவில் நின்றது.

ஆனால் அதற்குள் பலர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். சொந்தக்காரன் விட்டுப்போனாலும் சொத்து உயிரோடு இருந்தது. இங்கேதான் பங்காளிச் சண்டை தொடங்குகின்றது.

ஒரு பக்கம் டேவ் வைனர். 2000 ஜூன் மாதத்தில், 0.91-இன் விளக்கத்தைச் சற்றுத் திருத்தித் தம் நிறுவனத்தின் தளத்தில், தம் நிறுவனத்தின் பதிப்புரிமைக் குறிப்போடு வெளியிட்டார். அவருடைய கட்சி இது: படிவம் எளிமையாக இருக்க வேண்டும். கணினிப் பண்டிதர் அல்லாதவரும் ஒரு சீட்டைப் பார்த்து, அதைப் போலவே இன்னொன்று எழுதக் கூடியதாய் இருக்க வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருப்பதை உடைக்கக் கூடாது.

மறுபக்கம், ஆர்.எஸ்.எஸ்.-டெவ் என்னும் குழு. ரேல் டோர்ன்பெஸ்டு என்பவர் அதில் முன்னின்றார். குகாவும் அதில் சேர்ந்திருந்தார். ஆரன் சுவார்ட்சு என்னும் சிறுவனும் அதில் ஒருவன். அப்போது அவனுக்கு வயது 14. இவர்களுடைய கட்சி வேறு: இன்று தலைப்பும் சுருக்கமும் போதும், நாளைக்கு நூற்றுக்கணக்கான தேவைகள் வரும். ஆகையால் யார் வேண்டுமானாலும் புதிய கூறுகளைச் சேர்த்துக்கொள்ளத்தக்க உறுதியான அடித்தளம் வேண்டும். அதற்கு முதலில் இருந்த ஆர்.டி.எப். முறையே ஏற்றது. இவ்வாறு கருதிய அவர்கள், 2000 டிசம்பரில் ஒரு படிவத்தை வெளியிட்டு, அதற்கு ஆர்.எஸ்.எஸ். 1.0 என்று பெயர் சூட்டினார்கள். விரிவும் பழையபடி 'ஆர்.டி.எப். சைட் சம்மரி' ஆயிற்று.

வைனர் இதை ஏற்கவில்லை. அதே டிசம்பர் 25-ஆம் நாள் ஆர்.எஸ்.எஸ். 0.92 என்ற தம் பதிப்பை வெளியிட்டார்.

இப்போது சாதாரண மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கடைக்குப் போகின்றோம். ஒரே பெயர் எழுதிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் 0.92, மற்றொன்றில் 1.0. எண் பெரியதுதான் புதியது என்று எவரும் நினைப்பர். ஆனால் 0.92 வளர்ந்து 1.0 ஆகவில்லை. அவை வேறு வேறு கூட்டத்தார் செய்தவை. உள்ளே அமைப்பும் வேறு. 0.92-ஐப் படிக்கும் செயலி 1.0-ஐப் படிக்கும் என்ற உறுதி இல்லை. தகப்பனும் மகனும் என்று நாம் நினைத்தது, பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஆக இருந்தது.

பெயரைச் சட்டப்படி பிடித்துவிடவும் ஒரு முயற்சி நடந்தது. யூசர்லேண்டு நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். என்ற பெயரை வணிக முத்திரையாகப் பதிய அமெரிக்க அலுவலகத்தில் மனுச் செய்தது. ஆனால் அந்த அலுவலகம் கேட்ட விளக்கத்துக்கு நிறுவனம் பதில் கொடுக்காதபடியால், 2001 டிசம்பரில் மனு தள்ளுபடி ஆயிற்று. இது ஒரு விதத்தில் நன்மைக்கே என்று சொல்ல வேண்டும். மூன்று எழுத்துகளும் எவருடைய பெட்டிக்குள்ளும் போகாமல் வெளியிலேயே இருந்தன. நெட்ஸ்கேப் ஒதுங்கிவிட்டபடியால், எந்தத் தரப்பும் "எங்களுக்கே அதிகாரம்" என்று எழுத்து மூலம் காட்டவும் வழியில்லை.

2002 செப்டம்பரில் வைனர் ஆர்.எஸ்.எஸ். 2.0 என்ற பதிப்பை வெளியிட்டார். 1.0 என்ற எண்ணை மற்றவர் எடுத்துக்கொண்டதால், அதைத் தாண்டி 2.0-க்குப் போனார். இப்போது விரிவு 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்' ஆயிற்று. 'மெய்யாகவே எளிய செய்திப் பகிர்வு' என்று பொருள் கொள்ளலாம். ஆக, ஒரே மூன்று எழுத்துக்கு மூன்று விரிவுகள். 1.0 குழுவினர் கேட்டதைப் போலவே, புதிய கூறுகளை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும் வசதியும் 2.0-இல் இடம் பெற்றது. எதிர்த் தரப்பின் கருத்தைப் பழித்துக்கொண்டே அதன் நல்லதை எடுத்துக்கொள்வது மனித இயல்புதானே! அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் செய்திகளை ஆர்.எஸ்.எஸ். வழி கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு அந்தப் பெயர் எங்கும் பரவியது.

அடுத்த ஆண்டில் வைனர் செய்த ஒரு செயலை நாம் பாராட்ட வேண்டும். 2003 ஜூலையில், 2.0-இன் பதிப்புரிமையைத் தம் நிறுவனத்திலிருந்து எடுத்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்மன் மையத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எவரும் எடுத்தாளலாம் என்ற பொது உரிமமும் தரப்பட்டது. அதோடு, இந்தப் படிவம் இத்துடன் முடிந்தது. இனி இதன் உடம்பில் கை வைப்பதில்லை. புதிதாகச் செய்ய விரும்புவோர் புதிய பெயரில் செய்துகொள்ளட்டும் என்றும் அந்த ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

புதிய பெயரில் செய்யத் தயாராக வேறு சிலர் இருந்தார்கள். 2.0 எளியதுதான், ஆனால் அதில் தெளிவில்லாத இடங்களும் இருந்தன. சுருக்கம் என்ற இடத்தில் சிலர் சுருக்கம் எழுதினார்கள். சிலர் முழுக் கட்டுரையையும் கொட்டினார்கள். ஒரு செய்தி பழையதா புதியதா என்று அறிய உறுதியான அடையாள எண்ணும் தேதியும் கட்டாயமாக இல்லை. படிவமோ முடிந்துபோனது என்கின்றார்கள், திருத்த வழியில்லை. ஆகவே 2003 ஜூன் மாதத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சாம் ரூபி என்பவர், எவரும் வந்து எழுதலாம் என்ற ஒரு திறந்த பக்கத்தைத் தொடங்கினார். பலர் அங்கே கூடினார்கள்.

அவர்களையும் பெயர்ச் சிக்கல் விடவில்லை. 'பை' என்றார்கள், 'எக்கோ' என்றார்கள், கடைசியில் அணு என்று பொருள்படும் 'ஆட்டம்' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் இவர்கள் ஒரு பாடத்தைக் கற்றிருந்தார்கள். ஒரு மனிதரின் கையிலோ ஒரு நிறுவனத்தின் கையிலோ பொறுப்பு இருக்கக் கூடாது என்று, 2004-இல் தங்கள் வேலையை ஐ.இ.டி.எப். என்னும் இணையப் பொறியியல் பொது அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அங்கே வரைவு வைப்பார்கள். எவரும் குறை சொல்லலாம். குறைக்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்வாறு ஆராய்ந்து, 2005 டிசம்பரில் ஆர்.எப்.சி. 4287 என்ற எண்ணுடன் ஆட்டம் படிவம் முறையாக வெளிவந்தது. ஒவ்வொரு செய்திக்கும் மாறாத அடையாளமும், திருத்திய தேதியும் அதில் கட்டாயம்.

அத்துடன் சண்டை ஓய்ந்ததா? இல்லை. 2.0-ஐ ஹார்வர்டுக்குக் கொடுத்தபோது, ஐயங்களைத் தீர்க்க ஓர் ஆலோசனைக் குழுவும் அமைத்திருந்தார்கள். 2006 ஜனவரியில் ரோஜர்ஸ் கேடன்ஹெட் என்பவர் அக்குழுவை வைனர் இல்லாமல் புதிய உறுப்பினர்களோடு மீண்டும் தொடங்கினார். விளங்காத இடங்களைத் தெளிவாக்குவதே நோக்கம் என்றார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று வைனர் மறுத்தார். முடிந்தது என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தெளிவாக்குவது திருத்துவதா, காப்பதா? இந்தக் கேள்விக்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விடை கிடைக்கவில்லை.

நேயர்களே, இத்தனை வழக்குக்கு நடுவில் சீட்டுச் சுற்றும் பையன் என்ன செய்தான் தெரியுமா? அவன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. செயலி எழுதியவர்கள், 0.91 வந்தாலும் படிக்கும்படி, 1.0 வந்தாலும் படிக்கும்படி, 2.0-ஐயும் ஆட்டத்தையும் படிக்கும்படி எழுதிக்கொண்டார்கள். அதற்காகக் கூடுதல் உழைப்புச் செலவானது, மெய்தான். ஆயினும், படிப்பவருக்கு வேறுபாடே தெரியாமல் போயிற்று. 2005-ஆம் ஆண்டு டிசம்பரில், பயர்பாக்ஸ் உலாவியில் இருந்த ஆரஞ்சு நிறச் சின்னத்தையே தானும் பயன்படுத்துவதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்தது. பெயரில் ஒன்றுபடாதவர்கள் படத்தில் ஒன்றுபட்டார்கள். அந்தச் சின்னத்தைப் பார்த்தவருக்கு, உள்ளே இருப்பது எந்தப் பங்காளியின் படிவம் என்று கேட்கத் தேவை இல்லை.

காலம் மேலும் ஓடியது. செய்தி படிக்க மக்கள் பெரிய நிறுவனங்களின் பக்கங்களுக்குப் போகலானார்கள். பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் என்னும் படிப்புச் செயலி 2013 ஜூலை 1-ஆம் நாள் மூடப்பட்டது. அதோடு ஆர்.எஸ்.எஸ். தீர்ந்தது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சீட்டுகள் அழியவில்லை. மூடப்பட்டது ஒரு பையனின் வேலைதான்; சீட்டுகள் வாசல்தோறும் தொங்கிக்கொண்டே இருந்தன. வேறு பையன்கள் வந்து பொறுக்கிக்கொண்டார்கள்.

வானொலியில் பேசுகின்ற நமக்கு இதில் நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் அந்த 0.92 பதிப்பில், சீட்டோடு ஓர் ஒலிக்கோப்பை இணைத்து அனுப்பும் சிறு வசதி சேர்க்கப்பட்டது. ஆதம் கரி என்னும் ஒலிபரப்பாளரின் யோசனை அதற்குத் தூண்டுதலாக இருந்தது. அந்தச் சிறு வசதியிலிருந்துதான் பாட்காஸ்ட் என்னும் வலையொலி வளர்ந்தது. 2004-இல் அச்சொல் பத்திரிகையில் தோன்றியது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்சில் அதற்கு இடம் தந்தது. இன்றும் வலையொலிகள் பெரும்பாலும் ஆர்.எஸ்.எஸ். சீட்டின் வழியாகவே கேட்பவரிடம் வந்து சேருகின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் இத்தகைய பேச்சைக் கைப்பேசியில் இறக்கி, பாட்டிக்குப் போட்டுக் காட்டினால், சண்டையில் பிறந்த அந்தப் படிவம்தான் அநேகமாகப் பின்னணியில் வேலை செய்திருக்கும்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது என்ன? பொதுப்பொருளைத் தொடங்குவது பெரிதுதான். ஆனால் நமக்குப் பிறகு யார், எந்த முறையில் அதைப் பார்த்துக்கொள்வது என்று அன்றே எழுதி வைப்பது அதனினும் பெரிது. நெட்ஸ்கேப் அதைச் செய்யவில்லை. அதனால் ஏழெட்டு ஆண்டுகள் நல்ல மனிதர்கள், நல்ல நோக்கத்தோடே, ஒருவரை ஒருவர் புண்படுத்திக்கொண்டார்கள். மேலும், பழைய பெயரை வைத்துக்கொண்டு உள்ளே வேறு சரக்கை வைப்பது, எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் குழப்பத்தையே விளைவிக்கும். வேறு வழி போக விரும்பினால், வேறு பெயர் சூட்டிக்கொண்டு போவதே நாணயம். ஆட்டம் குழுவினர் அதைச் செய்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படிவத்தைக் காப்பாற்றியது யாருடைய உரிமைப் பத்திரமும் அன்று. "உன் சீட்டையும் படிக்கின்றேன், அவர் சீட்டையும் படிக்கின்றேன்" என்று பெயர் தெரியாத ஆயிரம் பேர் பொறுமையாக வேலை செய்தார்களே, அதுதான் காப்பாற்றியது. நம் ஊர்க் கோயில் கணக்கானாலும், கூட்டுறவுக் கடையானாலும், பிள்ளைகளின் படிப்பகமானாலும், பொறுப்பு யாருக்கு என்ற பேச்சு எழும்போது இந்தப் பையனை நினைத்துக்கொள்வோம். கூட்டத்தில் குரல் உயரட்டும், அது தவறில்லை. ஆனால் மறுநாள் காலையில் சீட்டுச் சுற்றுவது மட்டும் நிற்க வேண்டாம்.